பிடுங்குவதற்கு ஒரு வயர்

மூன்றாவது முறையாக நான் உள்ளே நுழைந்தபோது கணினிக் கடைக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். இனி அரைமணி நேரத்துக்கு வேறு வேலை நடக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்பதைத் தாண்டாத வயதிலேயே முன்தலை முழுக்க வழுக்கை விழுந்தவர், நல்ல பொறுமைசாலி. திங்கட்கிழமை என்னிடம் நகம் அளவு ஒரு சாமானை விற்றார். கணினியில் செருகினால் போதும், கீழ்த்தளத்து மோடத்திலிருந்து வயர் இல்லாமலே மாடிக்கு இணையம் வந்துவிடும், இதற்கு அடாப்டர் என்று பெயர் என்றார். செவ்வாய்க்கிழமை உறைகூடப் பிரிக்காமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே பொருத்துகிற கார்டு வகை ஒன்றை வாங்கிப் போனேன். இன்று வியாழக்கிழமை. அதுவும் உறை பிரியாமல் என் பைக்குள் இருந்தது.

“டீச்சர், போட்டாவது பாத்தீங்களா?”

“இல்ல தம்பி.”

“போட்டுப் பாக்காமலே பிடிக்கலைன்னா நான் என்ன பண்றது?”

“பிடிக்கலைன்னு யார் சொன்னா? வேற காட்டுங்கன்னுதான் சொல்றேன்.”

அவர் பெருமூச்சை வெளியே விடாமல் விழுங்கினார். கண்ணாடி மேசையின் மேல் நாலைந்து அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். திங்கட்கிழமை சொன்னதையே மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். இரண்டு வகை அலை இருக்கிறதாம். ஒன்று வேகமாக ஓடும், ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். இன்னொன்று மெதுவாகப் போகும், கான்க்ரீட் தளத்தையும் தாண்டிவிடும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாம்.

“வேகமெல்லாம் எனக்கு வேண்டாம். நான் போன்னு சொன்னாதான் போகணும். சொல்லாட்டி அசையக்கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா?”

“எல்லாரும் லைன் விட்டுப் போகக்கூடாதுன்னு வந்து நிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் லைன் வரக்கூடாதுன்னு கேக்குறீங்க.”

அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

என் கணவருக்கு ஏழு மாதங்களுக்கு முன்பு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. முழுதாகப் போகவில்லை, ஒரே ஒரு வார்த்தை தங்கிவிட்டது. “சரி.” பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. ஜன்னலைத் திறக்கவா, சரி, மூடவா, சரி. முப்பத்திரண்டு வருஷம் எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசிய மனிதரிடம் கடைசியில் இந்த வார்த்தைதானா மிஞ்ச வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபிறகு, வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து வந்தேன். அவர் விழுந்த நாளிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், போன மாதம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அலைபேசியை நிறுத்திவைத்து ஒரு வகுப்பு நடத்திப் பார்த்தேன். பின்னங்கள். ஒரு பையன் தப்பாக விடை சொன்னான். இது சரியா என்று மற்ற பிள்ளைகளைக் கேட்டேன். கட்டிலிலிருந்து கம்பீரமாக “சரி” என்று குரல் வந்தது. அத்தனை பேரும் அதையே எழுதிக்கொண்டார்கள். ஐந்து தப்பு விடைக்கு ஐந்து சரி. அதோடு கீழே வகுப்பு எடுப்பது முடிந்தது. மாடி அறையில் கணினி சும்மாதான் கிடந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் வகுப்பு உண்டு என்று பெற்றோர்களுக்குச் சொல்லியும் விட்டேன்.

மோடம் கீழே, அவர் தலைமாட்டில் இருக்கிறது. முன்பு அங்கிருந்து படியோரமாக ஒரு நீல வயர் மாடிக்குப் போகும். சக்கர நாற்காலி வந்த அன்று அது சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துவந்து அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, வயர்தான் கைக்குக் கிடைத்தது. அது வெறும் வயர் இல்லை என்பது வெட்டும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் இருந்தவர். குழாயில் தண்ணீர் வராதவர்கள், சேறாக வருகிறவர்கள் எல்லாரும் திட்டித் திட்டி எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவது அவர் வேலை. அவருக்கோ மூக்குக்கு மேல் கோபம். இப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். பதிலைச் சாயங்காலம் எழுதுவார். நெஞ்சில் இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி உறையில் போட்டு, ஒட்டாமல், காகிதம் பறக்காமல் மேசையில் வைக்கிற கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மறுநாள் காலையில் எடுத்துப் படிப்பார். பெரும்பாலும் கிழிப்பார், சிலதை ஒட்டுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘நாளைக்கு சார்’ என்றே பெயர். கணினி வந்தபிறகும் பழக்கம் மாறவில்லை. முதலில் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவார். எழுதி முடித்து, அனுப்பு என்று அழுத்துவார். வயர் இல்லாததால் அது எங்கும் போகாது. அனுப்பச் சொல்லியும் போகாதவை தங்குகிற அவுட்பாக்ஸில் போய்க் காத்திருக்கும். மறுநாள் படித்துப் பார்த்து, அழிக்க வேண்டியதை அழித்துவிட்டு வயரைச் செருகுவார். மிச்சம் இருப்பது தானாகப் போய்ச் சேரும். வெறுமனே எழுதி வைத்துக்கொண்டால் போதாதா, இந்தக் கூத்து எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “அனுப்பிட்டேன்னு நெனச்சாதான் தூக்கம் வருது. போகலைன்னு தெரிஞ்சாதான் காலைல எழுந்திருக்க முடியுது” என்றார்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் வீட்டிலும் அப்படி வைத்திருந்த ஒரு கடிதத்தை நான் எடுத்துப் படித்துவிட்டேன். என் அப்பாவுக்கு எழுதியது. உங்கள் மகளை வந்து அழைத்துப் போங்கள் என்று நான்கு பக்கம், எண் போட்டுப் பதினேழு காரணங்கள். சில காரணங்கள் நியாயமானவை என்பதுதான் எனக்கு இன்னும் வலித்தது. காலையில் அவர் அதைப் படித்தார். எட்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, டீ இருக்கா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். எழுதினவரும் அவர்தான், கிழித்தவரும் அவர்தான். நான் குடும்பம் நடத்தியது கிழித்தவரோடு. அதற்குப் பிறகு அவர் வைத்திருக்கும் கடிதங்களின் பக்கம் நான் திரும்பியது கிடையாது.

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே மகன். பக்கத்து ஊரில் மருந்து கம்பெனியில் மாத்திரைகளின் தரம் பார்க்கும் வேலை. மெதுவாகப் பேசுவான், அதிகமும் பேசமாட்டான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஏதோ ஒரு சின்ன விஷயம். தண்ணீர் டம்ளர் சாய்ந்தது என்று நினைக்கிறேன். அவர் குரலை உயர்த்தினார். மகன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் சொன்னான்: “இந்த வீட்ல நான் ஒரு நாள்கூட பயப்படாம சாப்பிட்டதில்லப்பா.” கத்தவில்லை. மாத்திரை டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி சொன்னான். எழுந்து கைகழுவினான், என்னிடம் போய்ட்டு வரேம்மா என்றான், போய்விட்டான். அவர் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். மாடிக்குப் போனார். வயரைப் பிடுங்கின சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்கிற சத்தம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளியலறையில் விழுந்தார்.

காலையில் படிப்பது என்கிற வேலை அன்றைக்கு நடக்கவில்லை. ஏழு மாதம் எனக்கு அது உறைக்கவேயில்லை. மருந்து, படுக்கை விரிப்பு, பயிற்சி கொடுக்க வருகிற பெண், இவற்றுக்கு நடுவில் மாடி என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. திங்கட்கிழமை நகம் அளவு அடாப்டரோடு மாடிக்குப் போய், தூசியைத் துடைத்துவிட்டு, அதைச் செருகுவதற்கு முன்னால் கணினி உயிரோடு இருக்கிறதா பார்ப்போம் என்று போட்டேன். திரை வந்தது. அஞ்சல் பக்கம் தானாகவே திறந்துகொண்டது, அவர் அப்படித்தான் வைத்திருந்தார். அவுட்பாக்ஸ் என்பதற்குப் பக்கத்தில் ஒரு எண். 1. அழுத்தினேன். பெறுபவர் இடத்தில் என் மகன் பெயர். தேதி அன்றைய தேதி. பொருள் என்ற இடம் காலி. அடாப்டர் உறையோடு என் கையில் இருந்தது. அதை மேசை மேல் வைத்தேன். இதைச் செருகி இணையம் வந்தால் அது தானாகப் போய்விடும். யாரும் அனுப்பு என்று அழுத்தத் தேவையில்லை.

மகன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமைகளில் வருகிறான். வந்ததும் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவான், நகம் வெட்டுவான். வலது கை நகங்களை வெட்டும்போது, அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை என்று தெரிந்தும், வலிக்குதாப்பா என்று ஒவ்வொரு விரலுக்கும் கேட்பான். சரி என்பார் இவர். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்றைக் கேட்பான். எல்லா முறையும் கேட்பான். “அன்னைக்கு நான் போனப்புறம் அப்பா ஏதாவது சொன்னாராம்மா?” ஒண்ணும் சொல்லலப்பா என்பேன். அந்த அடைப்பு பல வாரங்களாக உருவாகிவந்தது, பேச்சால் வந்ததில்லை என்று டாக்டர் அவனை உட்கார வைத்துப் படம் போட்டே காட்டினார். தலையாட்டினான். மாத்திரையில் குறை கண்டுபிடிக்கிறவன், தன் மேல் ஒரு குறையைக் கண்டுபிடித்துக்கொண்டுவிட்டான்.

நீ படித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். நானே திங்கட்கிழமையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைத் தூக்கி அஞ்சலுக்குள்ளேயே வேறு பெட்டியில் ஒளித்து வைக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் ஒளித்து வைத்தாலும் நான் முடிவு செய்ததாகத்தானே ஆகும். எனக்குப் பயமாக இருந்தது. பதினேழு காரணங்கள் எழுதிய அந்தக் கை, பயந்துகொண்டே சாப்பிட்டேன் என்று சொன்ன மகனுக்கு என்னவெல்லாம் எழுதியிருக்கும்? அதைப் படித்துவிட்டு நான் எப்படி அவருக்கு ஸ்பூனால் ஊட்டுவேன்? நல்லதாக இருந்தால் அனுப்பலாம்தான். நல்லதாக இருக்குமா? செவ்வாய்க்கிழமை கார்டு வகையை வாங்கிக்கொண்டு வந்ததே, அதைப் பொருத்த ஆள் கூப்பிட வேண்டும், ஆள் வர நாலு நாள் ஆகும் என்பதற்காகத்தான். நாள் கடத்துவதற்கு இத்தனை அலைச்சல்.

அவரிடமே கேட்டுப் பார்த்தேன். மத்தியானம் சாப்பாடு கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“என்னங்க, மாடில ஒரு லெட்டர் இருக்கு. பையனுக்கு எழுதினது. அனுப்பிடவா?”

“சரி.”

“அழிச்சிடவா?”

“சரி.”

“நான் படிக்கவா?”

“சரி.”

“நான் மாடிலேர்ந்து குதிக்கவா?”

“சரி” என்றார். பிறகு அவருக்கே ஏதோ பட்டிருக்க வேண்டும், முகத்தின் இடப்பாதி மட்டும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்தாலும் தண்ணீர் வரும், அழுதாலும் வரும், ஏழு மாதமாக இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

நேற்று சாயங்காலம் மகன் அலைபேசியில் கூப்பிட்டான். “நீங்க அலையாதீங்கம்மா. நானே ஒரு அடாப்டர் வாங்கி வச்சிருக்கேன். சனிக்கிழமை காலைல வந்ததும் போட்டுக் கொடுத்துடறேன்.” அவன் மாடிக்குப் போவான், கணினியைப் போடுவான், திரையில் தன் பெயரைத் தன் கண்ணாலேயே பார்ப்பான். வேண்டாம்பா, நானே பாத்துக்கறேன் என்றேன். என் குரல் அவனுக்கு எப்படிக் கேட்டதோ, சரிம்மா, எதுக்கும் கொண்டு வரேன் என்றான். அலைபேசியை வைத்தபிறகு அவர் கட்டில் ஓரத்தில் நின்றேன். எழுதினவருக்குத்தான் காலையில் படிக்கிற உரிமை. அது அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. படிக்க முடியுமா என்று பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணைக் கேட்டேன். உறுதியாச் சொல்ல முடியாதும்மா, சில நாள் எழுத்து பிடிபடுது, சில நாள் ஓடிடுது, பழகின விஷயம்னா வரலாம் என்றாள்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கடையில் நின்றேன். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் இடது கையால் எடுத்துப் பார்த்தேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டேன். மேசை மேல் இருந்த கணினியில் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன். நகம் அளவு சாமானை இடது கை விரல்களால் பிடிக்கவே முடியவில்லை, செருகினால் அப்புறம் பிடுங்க முடியாது. கார்டு வகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக அவர் ஒன்றைக் காட்டினார். சின்ன ஒரு பீடம், அதில் நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனா, அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஒரு வயர், நுனியில் கணினியில் செருகும் தலை.

“சிக்னல் எங்க நல்லா வருதோ அங்க நகர்த்தி வைக்கலாம், அதுக்குத்தான் இந்த வயர். இது பழைய மாடல் டீச்சர், யாரும் வாங்கறதில்ல. வயர் வேண்டாம்னுதானே இதையெல்லாம் வாங்கறாங்க, அதுல ஒரு வயரான்னு கேக்குறாங்க.”

வயரை இடது கையால் பிடித்தேன். பிடிக்க வந்தது. செருகினேன், போயிற்று. இழுத்தேன், வந்தது. மூன்று தடவை செய்தேன்.

“நீங்க இடது கைப் பழக்கமா?”

“நான் இல்ல” என்றேன். “இதையே கொடுங்க.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் கணினியைக் கீழே கொண்டுவந்தேன். பதினெட்டுப் படி. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, காலால் படியைத் தேடித் தேடி இறங்கினேன். திரை ஒரு தடவை, விசைப்பலகை ஒரு தடவை. இடுப்பு விட்டுப்போயிற்று. அவரைச் சாய்த்து உட்கார வைத்து, சாப்பிடும்போது கட்டிலின் குறுக்கே தள்ளுகிற மேசையின் மேல் திரையை வைத்தேன். பெட்டியை அவருடைய இடது பக்கம் நாற்காலியில், பின்புறம் அவருக்கு எட்டும்படி வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேட அரைமணி நேரம் ஆயிற்று. ஏழு மாதமாக அவர் எதையும் படிக்கவில்லை, யாரும் கண்ணாடியைத் தேடவும் இல்லை. அலமாரியின் மேல்தட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு கிடந்தது. புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிவிட்டேன். அவர் முகம் பழையபடி ஆயிற்று. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கணினியைப் போட்டேன். அஞ்சல் திறந்துகொண்டது. நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திரையின் கீழ்ப்பாதி மேல் சாய்த்து மறைத்துக்கொண்டு, அந்த ஒற்றைக் கடிதத்தின் மேல் மவுஸால் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு கையை மட்டும் நீட்டிப் புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். இப்போது எனக்குத் திரை தெரியாது, அவர் முகம்தான் தெரியும்.

“அன்னைக்கு எழுதினது. காலைல படிக்காம விட்டுட்டீங்க. இப்பப் படிங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு எழுத்து ஓடுகிற நாள் போலிருக்கிறது, நான் ஒரு முட்டாள், நாளைக்குப் பையன் வந்துவிடுவான் என்று நினைத்தேன். அப்போது அவர் கண்கள் அசைந்தன. இடமிருந்து வலமாக ஊர்ந்து போய், நின்று, திரும்பி வந்து, மறுபடியும் புறப்பட்டன. அவர் படித்தார். கண்ணாடியில் திரையின் வெளிச்சம் விழுந்து, அதில் வரிகள் தெரிந்தன. படிக்க முடியாது, எண்ணலாம். நான் கணக்கு டீச்சர், என் கண் தானாக எண்ணிவிட்டது. நான்கு. இரண்டு மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தாரே, வெறும் நான்கு வரியா? என் அப்பாவுக்கு நான்கு பக்கம் எழுதியவர்.

அந்த நான்கு வரியைப் படிக்க அவருக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் ஆயிற்று. முடித்துவிட்டுத் திரும்பவும் முதல் வரிக்குப் போனார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கும் பொத்தான் விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியும். கை விசைப்பலகையின் மேல் போயிற்று. நின்றது. மவுஸைப் பிடித்தது, மெதுவாகத் தள்ளியது, கடிதத்தை மூடியது. பிறகு அங்கிருந்து விலகி, பெட்டியின் பின்புறத்தைத் தடவியது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எதையோ தேடியது. வயரைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் வெட்டிப்போட்ட நீல வயர். செருகுவதற்குத் தேடுகிறாரா, பிடுங்கியிருக்கிறதா என்று சரிபார்க்கிறாரா? இரண்டும் அந்தக் கைக்குப் பழக்கம்தான்.

“அந்த வயர் இல்லங்க. நான் வெட்டிட்டேன்” என்றேன். “இப்ப இதுதான் வயர்.”

அடாப்டரின் பீடத்தைத் தலைமாட்டு மேசையில் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, வயரின் நுனியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கையைப் பிடித்து எதுவும் காட்டவில்லை. “போகணும்னா செருகுங்க. வேண்டாம்னா கீழ வச்சிடுங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்” என்று சொல்லிவிட்டு, என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எதுவாக இருந்தாலும் சம்மதம் என்பது பொய். எனக்கு அந்த நான்கு வரியை நம்ப வேண்டும் போலிருந்தது.

அவர் அந்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய வயரின் தலை போல இல்லை. பெட்டியின் பின்னால் கொண்டுபோய் ஓர் ஓட்டையில் வைத்து அழுத்தினார். போகவில்லை. தலைகீழாக வைத்திருந்தார். எல்லாரும் முதல் தடவை தலைகீழாகத்தான் வைப்பார்கள், நான் கடையில் அப்படித்தான் வைத்தேன். என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் கொண்டுபோனார். இம்முறை கட்டைவிரலால் மெதுவாக அதைத் திருப்பினார். உள்ளே போயிற்று. பீடத்தில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது.

திரையின் ஓரத்தில் கடவுச்சொல் கேட்டது. அதற்கு மட்டும் அவருக்கு என் கை தேவைப்பட்டது. சுற்றி வந்து அவர் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். மோடத்தின் அடியில் அவர் கையெழுத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை. அவரைப் பார்த்தேன்.

“சரி” என்றார். எப்போதும் சொல்கிற அதே சரி. பிறகு கையை நீட்டி அந்தப் பொத்தானை அவரே அழுத்தினார்.

மோடத்தின் விளக்குகள் படபடத்தன. திரையில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியது. அவுட்பாக்ஸுக்குப் பக்கத்தில் அந்த ஒன்று இன்னும் மறையவில்லை. அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக. எங்கள் இருவருக்கும் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் திரும்பவில்லை. அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.